திறந்த கதவும் காவலும்: பொது நூலகத்தின் பாதுகாப்பு குறித்த வாதங்கள்

வரி செலுத்துவோர், செலுத்தாதோர், கற்றோர், அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியோர் என எவரும் அழைப்பின்றி நுழையலாம் என்ற கொள்கையின்மேல் எழுந்த நிறுவனம் பொது நூலகம். எவரும் நுழையலாம் என்று ஒப்புக்கொண்ட உடனேயே, நுழைந்தவர்கள் ஒருவருக்கொருவர் இடையூறாகாமலும் அச்சமின்றியும் உள்ளே இருப்பதை யார், எந்த வழியில் உறுதிசெய்வது என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது. ஏறத்தாழ 170 ஆண்டுகளாகப் பல நாடுகளில் இதற்கு விடைகள் சொல்லப்பட்டுவந்துள்ளன. அவற்றுள் சில நூலைக் காப்பதையும், சில ஒழுங்கைக் காப்பதையும், சில 'தகுதியான' வாசகரைக் காப்பதையும் பாதுகாப்பு என்று கொண்டன. அண்மைக்காலத்தவை சமூக உறவைக் காப்பதைப் பேசுகின்றன. ஒவ்வொரு விடையும் எவரைப் பாதுகாக்க முனைந்தது என்பதோடு, அதனால் எவர் வாசலுக்கு வெளியே நின்றனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் வலிமையும் குறையும் விளங்கும். தமிழ்நாட்டு நூலகங்களை முதன்மையாகவும், இக்கேள்வி கூர்மையாக வாதிக்கப்பட்ட பிற நாடுகளைத் துணையாகவும் கொண்டு இக்கட்டுரை அவ்விடைகளைப் பரிசீலிக்கிறது.

நூலைக் காத்த காலம்

இங்கிலாந்தில் 1850இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறியபின் திறக்கப்பட்ட நூலகங்களில் வாசகர் அலமாரியை நெருங்க இயலாது. பட்டியலைப் பார்த்து எண்ணைச் சொன்னால் பணியாளர் நூலை எடுத்துத் தருவார். மூடிய அடுக்குமுறை எனப்படும் இம்முறை வாசகரைத் திருடராகக் கருதவில்லை என்றாலும், திருடாதவர் என்று நம்பவும் இல்லை. 1894இல் லண்டனின் கிளார்க்கன்வெல் நூலகத்தில் நூலகர் ஜேம்ஸ் டஃப் பிரவுன் வாசகரை அலமாரிகளுக்கிடையே நடமாடவிட்டபோது, நூல்கள் களவுபோகும், அடுக்குகள் குலையும் என்று தொழிலுக்குள்ளிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. அவரும் முழுக் கதவையும் திறந்துவிடவில்லை. நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் தடுப்புக் கதவுகளை வைத்தே அவர் அம்முறையைச் செயல்படுத்தினார். பாதுகாப்பும் வரவேற்பும் ஒரே அறைக்குள் ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் நிகழ்வுகளுள் ஒன்றாக அதைக் கருதலாம்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் திறந்த அடுக்குமுறையைக் கொண்டுவந்த சீ.இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது. இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்துவைத்த வழக்கத்திலிருந்து தொடங்கி, நூலகத்தின் அமைவிடம், திறந்திருக்கும் நேரம், இருக்கைகள், பணியாளரின் தகுதி ஆகிய அனைத்தையும் அவர் அவ்விதிக்குள் கொண்டுவந்தார் என்பது பலரும் கவனிக்காத ஒன்று. வரவேற்பு என்பதைப் புன்னகையாகவோ பண்பாகவோ பாராமல், நேரமும் தொலைவும் நாற்காலியுமாக அவர் அளந்தார். அதே 1931இல் மன்னார்குடியைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்பிய முயற்சி, வாசலைத் திறந்துவைப்பதோடு நில்லாமல் வாசலையே வாசகரிடம் கொண்டுபோனது.

ஆயினும் இந்தியாவில் நூலைக் காக்கும் மனப்பாங்கு வேறொரு வழியில் நீடித்தது. காணாமற்போன நூலுக்கு நூலகரே பொறுப்பேற்று ஈடுசெய்ய நேரிடும் கணக்குமுறை இருக்கும்வரை, அலமாரியைப் பூட்டிவைப்பதே அவருக்கு அறிவுடைமை. இதைத் தனிமனிதரின் கடுமை என்று குறைகூறுவது எளிது. தணிக்கை விதியின் விளைவு என்று காண்பதே பொருத்தம். உறுப்பினராகக் காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கேட்கும் நடைமுறையும் இவ்வகையைச் சேர்ந்ததே. தொகை சிறிதுதான். ஆனால் முகவரிச் சான்று இல்லாத இடம்பெயர்ந்த தொழிலாளரின் குழந்தைக்கு அது சிறிதன்று. 1950களின் இறுதியில் அறிக்கை அளித்த கே.பி. சின்கா தலைமையிலான இந்திய அரசின் நூலக ஆலோசனைக் குழு கட்டணமில்லாச் சேவையைப் பரிந்துரைத்தது. பொது நூலகம் குறித்த யுனெஸ்கோ அறிக்கைகளும் அதையே வலியுறுத்துகின்றன. தமிழ்நாட்டிலோ சொத்து வரியுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. வீட்டு உரிமையாளர் நேராகவும் குடியிருப்போர் வாடகை வழியாகவும் முன்கூட்டியே செலுத்திவிட்ட சேவைக்கு வாசலில் மறுபடி பணம் கேட்கப்படுகிறது என்ற முரண் இன்னும் போதுமான அளவு விவாதிக்கப்படவில்லை. சிகாகோ பொது நூலகம் 2019இல் காலதாமத அபராதத்தை முற்றிலும் கைவிட்டபோது, அபராதம் நூலைத் திரும்பக் கொணர்வதைவிட ஏழை வாசகரை விரட்டுவதையே மிகுதியும் செய்கிறது என்பதே அம்முடிவுக்குப் பின்னிருந்த வாதம்.

ஒழுங்கின் பெயரால்

இரண்டாவது விடை, நடத்தை விதிகள் வழியே பாதுகாப்பை நாடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானிய நூலகங்கள் சிலவற்றில், வேலையற்றோர் கூடுவதைத் தடுக்கச் செய்தித்தாள்களின் குதிரைப்பந்தயப் பகுதியைக் கறுப்பு மை பூசி மறைத்தனர். பெண்களுக்கெனத் தனி வாசிப்பறைகளும் அக்காலத்தில் தோன்றின. அமெரிக்க நூலகங்களின் இத்தகைய அறைகளை ஆராய்ந்த கட்டட வரலாற்றாசிரியர் அபிகேல் வான் ஸ்லிக், மதிப்புக்குரிய பெண், சோம்பித்திரியும் ஆண் என்ற இரு உருவகங்கள் ஒன்றையொன்று சார்ந்து உருவாயின என்று காட்டினார். தனியறை பெண்களை வரவழைத்தது என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில் நூலகத்தின் எஞ்சிய பரப்பு முழுவதும் ஆண்களுக்குரியது என்பதையும் அது சொல்லாமல் சொல்லிவிட்டது. பரோடாவில் 1910இல் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் அழைப்பில் அமெரிக்கர் வில்லியம் போர்டன் தொடங்கிய நூலக அமைப்பிலும் மகளிர்க்கும் சிறுவர்க்கும் தனிப் பகுதிகள் இருந்தன. திரையிட்டு வாழ்ந்த பெண்கள் இருந்த சமூகத்தில் அது முன்னேற்றமே. இன்றைய தமிழ்நாட்டு நூலகங்களில் 'மகளிர் பகுதி' என்ற பலகை தொங்கும் மேசை இம்மரபின் தொடர்ச்சி. அதன் இரட்டைத்தன்மையும் அப்படியே தொடர்கிறது.

ஒழுங்கு என்ற அளவுகோல் எவ்வளவு எளிதில் விலக்கும் கருவியாகிறது என்பதற்கு அமெரிக்காவின் தென்மாநிலங்கள் தெளிவான சான்று. லூசியானாவின் கிளின்டன் ஊரில் வெள்ளையர்க்குச் சிவப்பு நூலக ஊர்தியும் கறுப்பினத்தவர்க்கு நீல ஊர்தியும் ஓடின. 1964இல் ஐந்து கறுப்பின இளைஞர்கள் ஊர் நூலகத்தின் வாசிப்பறைக்குச் சென்று, ஒருவர் நூல் ஒன்றைக் கேட்டுவிட்டு, அனைவரும் அமைதியாக இருந்தனர். அமைதியைக் குலைத்ததாக அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அத்தண்டனையை நீக்கியது. நூலகம் தன் தலையாய ஒழுங்காகப் போற்றும் அமைதியைக் கடைப்பிடித்தவர்களே அமைதிக் குலைவுக்காகத் தண்டிக்கப்பட்டனர் என்பதால், விதியின் சொற்களைவிட அதை யார்மீது யார் செலுத்துகிறார் என்பதே முதன்மையானது என்ற முடிவு இவ்வழக்கிலிருந்து பெறப்படுகிறது.

மறுபக்க வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நியூஜெர்சியின் மாரிஸ்டவுன் நூலகத்தில் வீடற்ற ஒருவர் பிறரை உற்றுநோக்குவதும் அவர் உடலின் துர்நாற்றமும் பிற வாசகரைத் துரத்துகின்றன என்று முறையீடு எழ, அவரை வெளியேற்ற வகைசெய்யும் விதிகள் வகுக்கப்பட்டன. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தகவல் பெறும் உரிமை பொது நூலகத்தில் அனைவருக்கும் உண்டு என்று ஏற்றுக்கொண்டபோதிலும், நூலகத்தின் நோக்கத்தோடு இசைந்த நியாயமான விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. குளிக்க இடமில்லாதவருக்குக் குளித்துவிட்டு வரச்சொல்லும் விதி நியாயமானதா என்ற கேள்வியை அத்தீர்ப்பு தீர்க்கவில்லை; அதைத் தீர்ப்பது நூலகத்தால் மட்டும் முடிகிற ஒன்றுமன்று.

சட்டத்தின் வாசலும் தெருவின் வாசலும்

இந்திய அரசமைப்பின் 15(2) உறுப்பு, கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பெயர்சொல்லிச் சாதி, மதம், பால் முதலியவற்றால் தடை கூடாது என்கிறது. நூலகம் அப்பட்டியலில் பெயரளவில் இல்லை. அரசின் நிதியால் பேணப்படும் பொதுமக்கள் கூடுமிடம் என்ற வகையில் அடங்குகிறது. 1948இல் அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவுக்கும் நூலக வரிக்கும் வழிசெய்ததன் பயனாக, மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என ஏறத்தாழ 4,600 நூலகங்கள் இன்று இயங்குகின்றன. விதியளவில் எங்கும் எவருக்கும் தடையில்லை.

நூலகம் எந்தத் தெருவில் அமைந்திருக்கிறது என்பது விதியில் எழுதப்படாத விதி. சிற்றூர் நூலகங்கள் பலவும் நன்கொடையாகக் கிடைத்த மனையிலோ வாடகையில்லாக் கட்டடத்திலோ ஊராட்சி ஒதுக்கிய இடத்திலோ இயங்குவதால், இடம் தரும் வசதி படைத்தோரின் குடியிருப்பை ஒட்டி அவை அமைய வாய்ப்பு மிகுதி. ஊரும் காலனியும் பிரிந்துகிடக்கும் நிலத்தில், ஊர்த்தெருவின் நடுவே இருக்கும் நூலகத்திற்குக் காலனிப் பிள்ளை வரத் தடையில்லை என்று சொல்வதும், வருவதற்குத் தயக்கமில்லை என்று சொல்வதும் ஒன்றாகா. நூலகங்களின் அமைவிடத்தைக் குடியிருப்பின் சாதி வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வு மாநில அளவில் செய்யப்பட வேண்டும். அதுவரை இதை உறுதியான முடிவாகக் கொள்ளாமல் வலுவான ஐயமாகவே கொள்ளவேண்டும்.

இவ்விடத்தில் அரசு சாராத ஒரு மரபையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் திராவிட இயக்கத்தினரும் பொதுவுடைமை இயக்கத்தினரும் தெருமுனைகளில் நடத்திய படிப்பகங்கள், ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பதற்கும், கேட்டபின் வாதாடுவதற்கும் இடம் தந்தன. தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் அதே பணியைச் செய்தன. எழுத்தறியாதவர் கூச்சமின்றி நுழைந்த வாசிப்பிடங்கள் அவையே என்பதால், வரவேற்பு என்ற வகையில் அரசு நூலகத்தை அவை விஞ்சின எனலாம். அவற்றின் குறையும் வெளிப்படையானது: கட்சியின் கொடிக்கம்பத்தின்கீழ் மாற்றுக் கருத்தினர் அமர்வது அரிது, பெண்கள் அமர்வது அதனினும் அரிது.

பெண்கள் தொடர்பான பாதுகாப்பில் சட்டத்தின் கை முழுதாக நீளவில்லை. 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பணியிடத்தை மையமாகக் கொண்டது. படிக்க வந்த பெண் சக வாசகரிடமிருந்து எதிர்கொள்ளும் சீண்டலையும் வெறித்த பார்வையையும் அது எளிதில் எட்டுவதில்லை. ஒரே பணியாளர் இயக்கும் ஊர்ப்புற நூலகத்தில் முறையீட்டை யாரிடம் சொல்வது என்ற எளிய வினாவிற்கே வாசகர் கண்ணில் படும் விடை பெரும்பாலும் இருப்பதில்லை. கழிப்பறை இல்லாத நூலகத்தில் ஒரு பெண் ஒரு மணி நேரத்திற்குமேல் தங்க இயலாது என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

கூடுமிடம் என்னும் கருத்து

1980களின் இறுதியிலிருந்து வந்த விடைகள் நூலகத்தைச் சமூகம் கூடும் இடமாகக் கண்டன. அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல், வீடு, பணியிடம் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மக்கள் இயல்பாகக் கூடிப் பேசும் இடங்களை 'மூன்றாம் இடம்' என்று பெயரிட்டார். நூலகத்துறையினர் அச்சொல்லை ஆர்வத்தோடு பற்றிக்கொண்டனர். ஆனால் அவர் முதன்மையாகக் கருதியவை காப்பிக்கடை, மதுக்கூடம், முடிதிருத்தகம் போன்றவை; அங்கே உரையாடலே மையச் செயல். வாய்மூடி இருக்கும்படி பலகை வைத்த அறைக்கு அக்கருத்து பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. தமிழ்ச் சூழலில் அவர் வருணித்த இடம் தேநீர்க் கடைதான். அதன் ஆண்மையச் சாயலையும் சேர்த்தே அது பொருந்துகிறது.

இதைவிட நுட்பமானது நார்வே அறிஞர் ராக்னர் ஆடுன்சன் 2005இல் முன்வைத்த கருத்து. தம் தொழில், நம்பிக்கை, அரசியல் ஆகியவற்றை முழு ஈடுபாட்டோடு வாழும் இடங்களைச் செறிவு மிக்க சந்திப்பிடங்கள் என்றும், தமக்கு அயலான நலன்களும் பழக்கங்களும் உடையோரை வெறுமனே காணவும் அருகில் இருக்கவும் நேரும் இடங்களைச் செறிவு குறைந்த சந்திப்பிடங்கள் என்றும் பிரித்த அவர், பன்மைச் சமூகத்திற்குப் பின்னதே இன்றியமையாதது என்றார். பேசவேண்டும் என்ற கட்டாயமின்றி, ஒரே மேசையில் அயலாரோடு அமர்ந்திருப்பதே ஒரு சமூகச் செயலாகிறது. சாதியால் தெருக்கள் பிரிந்த நிலத்திற்கு இக்கருத்து நார்வேயைவிடக் கூடுதலாகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. அருகமர்தல் காலப்போக்கில் நம்பிக்கையாக மாறுகிறதா, அல்லது அருகமர்தலாகவே நின்றுவிடுகிறதா என்பதை மட்டும் அக்கருத்து முழுதாக நிறுவவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் கிளினென்பர்க் 2018இல் நூலகத்தைச் சமூக உள்கட்டமைப்பு என்று அழைத்து, சாலையையும் பாலத்தையும் போல முதலீடு செய்யப்படவேண்டிய பொருளாக வாதிட்டார். 1995இல் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில், வறுமையில் ஒத்த அண்டைப் பகுதிகளுக்கிடையே இறப்புகள் பெரிதும் வேறுபட்டதை அவர் முன்னர் ஆராய்ந்திருந்ததே இவ்வாதத்தின் வேர். 2018இல் திறக்கப்பட்ட ஹெல்சிங்கியின் ஊடி நூலகம், தையல் எந்திரமும் சமையலறையும் வைத்து இக்கொள்கையைக் கட்டடமாக்கியது. கொலம்பியாவின் மெடயின் நகரம் வன்முறை மலிந்த மலைச்சரிவுக் குடியிருப்புகளில் நூலகப் பூங்காக்களை எழுப்பியது. அவற்றுள் 2007இல் திறந்த, புகழ்பெற்ற எசுப்பானியா நூலகப் பூங்கா சில ஆண்டுகளிலேயே கட்டுமானக் குறைபாடுகளால் மூடப்பட நேர்ந்தது. உலக இதழ்களில் படம் வெளிவந்த கட்டடத்தைவிட, தினந்தோறும் திறக்கும் கட்டடமே அப்பகுதியினருக்கு வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டிற்கும் இப்பாடம் புதிதன்று. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன; முறையான நூலகரும் தொடர்நிதியும் இன்றி அவற்றுள் பல பூட்டிக் கிடந்தன. கட்டும் செலவு ஒருமுறை, திறந்துவைக்கும் செலவு அன்றாடம் என்பதே வேறுபாடு. வசூலான நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய காலத்தில் ஆணைக்குழுக்களிடம் ஒப்படைப்பதில்லை என்ற நெடுநாளைய குறையும் இதனுடன் சேர்கிறது.

காவலரா, பணியாளரா

உள்ளே யார் இருக்கவேண்டும் என்பதில் இன்று இரு முகாம்கள் உள்ளன. கண்காணிப்புக் கருவியும் சீருடைக் காவலரும் வேண்டும் என்பது ஒன்று. 2009இல் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் முழுநேரச் சமூகப்பணியாளரை நியமித்தது மற்றொன்றின் தொடக்கப்புள்ளி. வெளியேற்றுவதற்குப் பதில் உறைவிடத்திற்கும் மருத்துவத்திற்கும் வழிகாட்டுவது அதன் முறை. 1961இலேயே நகரவியல் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், நகரத் தெருவைக் காப்பது காவல்துறையைவிட அங்கே இயல்பாகப் புழங்குவோரின் பார்வையே என்று வாதிட்டிருந்தார். பலவகை மக்கள் பல நேரங்களில் புழங்கும் நூலகம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்ற முடிவுக்கு அது இட்டுச்செல்கிறது. ஆனால் புழங்குவோர் அனைவரும் ஒரே வகையினராக இருந்தால், அப்பார்வையே புதிதாக நுழைபவருக்கு அச்சுறுத்தலாகிவிடும் என்பதை ஜேக்கப்ஸ் போதிய அளவு கருதவில்லை. செய்தித்தாள் மேசையைச் சுற்றி ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் கிளை நூலகத்தின் வாசலில் தயங்கும் மாணவிக்கு, பார்வைகள் மிகுவதால் பாதுகாப்பு மிகுவதில்லை.

சமூகப்பணி முகாமின் குறை வேறிடத்தில் உள்ளது. நூலகப் பணியைத் தெய்வத்தொண்டாக உயர்த்திப் பேசும் போக்கு, மிகைப்பணியையும் குறையூதியத்தையும் கேள்வி கேட்கவிடாமல் செய்கிறது என்று அமெரிக்க நூலகர் ஃபோபாசி எட்டார் 2018இல் எழுதினார். முழுநேர ஊழியருக்குரிய ஊதிய விகிதத்திற்காக நெடுங்காலம் போராடிவரும் தமிழ்நாட்டு ஊர்ப்புற நூலகர்களின் நிலையை அறிந்தவர்க்கு இது அயலான கருத்தன்று. நூலைப் பதிவதும், அறையைப் பெருக்குவதும், நாளிதழ்க் கட்டணத்தைக் கணக்கெழுதுவதும் ஒருவரே என்றிருக்கையில், முதியவருக்குத் துணை, குழந்தைக்குக் கதைசொல்லி, தகராறுக்கு நடுவர் என்ற பொறுப்புகளையும் அவர்மேல் ஏற்றுவது திட்டமாகாது. உள்ளே நல்ல ஊதியத்தில், போதிய நேரம், ஒருவருக்கு மேற்பட்டோர் பணியில் இருப்பதே இதுவரை சொல்லப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாவற்றிற்கும் முன்நிபந்தனை என்பது இருதரப்பு வாதங்களையும் எடைபோடுகையில் வலுப்பெறுகிறது.

தேர்வர்களின் நூலகம்

தமிழ்நாட்டில் இக்கேள்வியை இன்று வேறொரு கூட்டம் மாற்றி எழுதியிருக்கிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுக்குப் படிப்போர் காலையில் இடம்பிடித்து மாலைவரை அமர்ந்திருக்கின்றனர். நூலகத்தின் நூல்களைவிட அதன் மேசையும் மின்விசிறியும் அமைதியுமே அவர்களுக்குத் தேவை. 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிப்போர்க்குத் தனிப்பகுதி உண்டு. 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும், நகராட்சிகளில் அறிவுசார் மையங்களும், 2024இல் சென்னைக் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகமும் இத்தேவையை ஏற்றுக்கொண்டே வடிவமைக்கப்பட்டவை. தேர்வர்கள் நூலகத்தை விழுங்கிவிட்டனர், குழந்தைகளும் பொழுதுபோக்கு வாசகரும் ஒதுங்கிவிட்டனர் என்ற குறை ஒருபுறம் உண்டு. வீட்டில் தனியறை இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்ணுக்கு, பெற்றோர் மறுப்பின்றி நாள்முழுதும் அனுப்பும் ஒரே பொது இடம் நூலகம்தான் என்பது மறுபுறம். பெண்கள் பேரெண்ணிக்கையில் நெடுநேரம் அமரும் இடமாகத் தமிழ்நாட்டு நூலகத்தை மாற்றியதில் எந்த மகளிர் பகுதித் திட்டத்தையும்விடத் தேர்வாணையத்தின் பங்கு பெரிது என்று கூறினால் அது முழுக்க மிகையாகாது. எனினும் அவர்கள் தேர்வு முடிந்தபின் வாசகராகத் திரும்புகிறார்களா என்பது அறியப்படாதது.

விடை காணாதவை

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, சமூகம் தன்னுடையதாகக் கொண்டாடும் நூலகமே அச்சமூகத்தைத் தாக்க விரும்புவோரின் இலக்காகவும் ஆகக்கூடும் என்பதைக் காட்டியது. அத்தகைய வன்முறையில் காவல்துறையினரே பங்குகொள்ளும்போது மேற்சொன்ன எந்தக் கோட்பாடும் உதவாது. மாறாக, 2015 ஏப்ரலில் பால்டிமோர் நகரம் கலவரத்தில் சிக்கியபோது, அதன் மையத்திலிருந்த கிளை நூலகம் திறந்தே இருந்து தாக்கப்படாமல் தப்பியது. இரண்டையும் ஒரே விதியால் விளக்க இயலாது.

அன்றாட நிலையில் எஞ்சும் கேள்விகள் சிறியவை, ஆனால் பிடிவாதமானவை. தனிமேசை பெண்களை வரவழைத்து, காலப்போக்கில் பொதுமேசைக்கும் கொண்டுசேர்க்கிறதா, அல்லது அங்கேயே நிறுத்திவிடுகிறதா என்பதற்கு இருதிசையிலும் வாதங்கள் உண்டு. கண்காணிப்புக் கருவி தொல்லையைக் குறைக்கிறதா, அல்லது என்ன படிக்கிறார் என்று பார்க்கப்படுவதாகக் கருதும் வாசகரைத் துரத்துகிறதா என்பதும் அவ்வாறே. காப்புத்தொகையை நீக்கினால் நூலிழப்பு எவ்வளவு கூடும், உறுப்பினர் எவ்வளவு கூடுவர் என்பதை ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பார்ப்பது அரிதான செயலன்று. இவை அனைத்திற்கும் குறுக்கே நிற்பது அளவீட்டுமுறை. வாசலில் கையெழுத்திட்டவரைக் காட்டும் வருகைப்பதிவேட்டில், ஒருமுறை வந்து மறுமுறை வராதவர் யார், எதனால் வரவில்லை என்பதற்குப் பத்தி இல்லை. ஆணைக்குழுக்களின் ஆண்டு அறிக்கைகளோ அப்பதிவேட்டின் கூட்டுத்தொகையையே நூலகப் பயன்பாடாக எடுத்துக்கொள்கின்றன.